‘என்ஃபிராஞ்சைஸ்’ – இனாம் பத்திரங்களில் ஒரு வினைச்சொல்

சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் நிலம் வாங்கியவர்களும் விற்றவர்களும், வில்லங்கம் பார்க்க அலைந்தவர்களும், என்றாவது ஒரு நாள் இந்த ஆங்கிலச் சொல்லை எதிர்கொண்டிருப்பார்கள். ‘என்ஃபிராஞ்சைஸ்டு இனாம்’ என்று பழைய பதிவேட்டில் இருக்கும். வீட்டில் இருக்கும் ஆங்கில அகராதியைப் பிரித்தால் ‘வாக்குரிமை அளி’ என்று முதல் பொருள் கிடைக்கும். நஞ்சை ஒரு ஏக்கர் பதினைந்து சென்டுக்கு எந்தத் தேர்தலில் ஓட்டுரிமை கொடுத்தார்கள் என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் அந்தச் சொல்லைத் தவறாகப் படித்ததனால் நிலம் இழந்தவர்களும் உண்டு, இல்லாத உரிமையை விலை கொடுத்து வாங்கியவர்களும் உண்டு. ஆகவே அதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வழக்கறிஞன் அல்லன். பல்கலைக்கழகம் போனவனும் அல்லன். எவர்சில்வர் பாத்திரம் விற்றுப் பிழைக்கிறவன். எங்கள் முன்னோர் வந்தவாசிப் பக்கத்துச் சமணர்கள். கல்வெட்டுகளில் வரும் ‘பள்ளிச்சந்தம்’ என்ற சொல்லைத் தேடிப்போய், அங்கிருந்து இறையிலி, தேவதானம், பிரமதேயம், கடைசியில் இனாம் என்று வந்து சேர்ந்தேன். கடை அடைத்த பிறகு படித்த படிப்புதான் இது. அறிஞர் பெருமக்கள் இதை அவ்வளவில் எடுத்துக்கொள்வார்களாக.

சொல் வந்த வழி

‘ஃபிராங்க்’ என்பது ஒரு காலத்தில் ஐரோப்பாவில் கால் என்ற நாட்டை வென்று ஆண்ட இனத்தாரின் பெயர். வென்றவன்தானே அங்கே சுதந்திர மனிதன்? அதனால் பழைய பிரெஞ்சு மொழியில் ‘ஃபிராங்க்’ என்றால் ‘கட்டற்றவன்’ என்று பொருள் வந்துவிட்டது. அதிலிருந்து பிறந்த வினைச்சொல்லே ‘என்ஃபிராஞ்சைஸ்’: கட்டிலிருந்து விடுவி. அதே இனப்பெயர்தான் அரபு, பாரசீக மொழிகளில் ‘ஃபரங்கி’ என்று மாறி, நம்மிடம் ‘பரங்கி’யாக வந்தது. பரங்கிமலைக்கும் இனாம் பதிவேட்டுக்கும் சொல்வழியில் ஒரே பாட்டன் என்றால் பலர் நம்பமாட்டார்கள். திருப்பதியில் இன்று தெருவுக்கு நான்கு கடைக்காரர்கள் சொல்லும் ‘ஃபிராஞ்சைசி’யும் அந்தக் குடும்பம்தான். சந்தை கூட்டவும் ஓடத்துறை நடத்தவும் அரசன் ஒருவனுக்குக் கொடுத்த தனி உரிமைக்கு ஆங்கிலச் சட்டத்தில் அந்தப் பெயர் இருந்தது.

இங்கிலாந்துச் சட்டத்தில் இந்த வினை மூன்று இடங்களில் வழங்கியது. பண்ணையடிமையை விடுதலை செய்வது ஒன்று. ஊருக்கோ வகுப்புக்கோ வாக்குரிமை கொடுப்பது மற்றொன்று. மூன்றாவதுதான் நமக்கு வேண்டியது. அங்கே ‘காப்பிஹோல்டு’ என்று ஒரு நில உரிமை இருந்தது. பண்ணைப் பிரபுவின் நீதிமன்றச் சுருளில் எழுதப்பட்ட பதிவின் நகலே அந்தக் குடியானவனுக்கு ஆதாரம். நிலத்தை அவன் தலைமுறை தலைமுறையாக அனுபவிப்பான். ஆனால் கைமாறும்போது பிரபுவுக்குக் கட்டணம், உடையவன் இறந்தால் பிரபுவுக்கு ஒரு பங்கு, வாரிசு அற்றுப்போனால் நிலமே பிரபுவுக்கு. இந்தக் கட்டுகளை மொத்தப் பணமாகவோ ஆண்டுத் தொகையாகவோ கொடுத்துத் தீர்த்துக்கொள்வதற்குப் பெயர் ‘என்ஃபிராஞ்சைஸ்மென்ட்’. இதற்காக 1841, 1852, 1894 ஆகிய ஆண்டுகளில் சட்டங்கள் வந்தன. 1922-ல் இயற்றிய சட்டத்தால் 1926 முதல் காப்பிஹோல்டே ஒழிந்துவிட்டது. குத்தகை வீடுகளுக்காக 1967-ல் வந்த சட்டத்தினால் அந்நாட்டில் மட்டும் சொல் இன்னும் உயிரோடு இருக்கிறது. நம் நாட்டில் பழைய காகிதத்தில் மட்டுமே வாழ்கிறது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அடிமையை விடுவித்தால் அடிமையே சுதந்திரம் பெறுகிறான். நிலத்தை ‘விடுவித்தால்’ சுதந்திரம் யாருக்கு? நிலத்துக்கா, அதை வைத்திருந்தவருக்கா, உழுதவனுக்கா? வினைச்சொல் இதற்குப் பதில் சொல்வதில்லை. பின்னால் வந்த சங்கடம் எல்லாம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

இனாம் கமிஷன் செய்தது என்ன?

1858-ல் சென்னை மாகாணத்தில் டெய்லர் துரையின் தலைமையில் இனாம் கமிஷன் அமைக்கப்பட்டது. அப்போது சித்தூர் தனி ஜில்லா அன்று. வட ஆற்காடு ஜில்லாவின் தலைமையிடம். (சித்தூர் ஜில்லா 1911 ஏப்ரல் 1-ஆம் தேதி பிறந்தது. அதிலிருந்து திருப்பதி ஜில்லா பிரிந்தது 2022-ல்தான்.) ராயர் கொடுத்தது, நவாபு கொடுத்தது, பாளையக்காரர் கொடுத்தது என்று ஊருக்கு ஊர் இனாம் இருந்தது. அவற்றையெல்லாம் விசாரித்துப் பதிவேடு எழுதினார்கள். வேலை முடிந்து பிளேர் துரை அறிக்கை கொடுத்தது 1869-ல்.

இனாம் என்ற அரபுச் சொல்லுக்குக் கொடை என்று பொருள். பெரும்பாலான இடங்களில் அரசு தனக்கு வரவேண்டிய மேல்வாரத்தை ஒருவருக்கு விட்டுக்கொடுத்தது. சில இடங்களில் மேல்வாரம், குடிவாரம் இரண்டும் சேர்ந்தே கொடையாயின. ஆனால் கொடுத்த கை பிடியை விடவில்லை. வாரிசு இல்லாவிட்டால் சர்க்கார் திரும்ப எடுத்துக்கொள்ளும். விற்றால் கேள்வி வரும். சுவீகாரம் எடுத்தாலும் கேள்வி வரும். ஆக, அனுபவிக்கலாம், ஆனால் நிம்மதி கிடையாது.

கமிஷன் சொன்ன வழி இது. ஐம்பது ஆண்டு அனுபோகம் இருந்தால் இனாம் செல்லும் என்று ஏற்றுக்கொள்கிறோம். நீங்கள் ஆண்டுதோறும் ஒரு சிறு தொகை கட்டுங்கள். கட்டினால் சர்க்கார் திரும்ப எடுக்கும் உரிமையைக் கைவிடும். விற்கலாம், எழுதிவைக்கலாம், யாரும் கேட்கமாட்டார்கள். இந்த ஆண்டுத் தொகைக்கு ‘க்விட் ரென்ட்’ என்று பெயர். இதிலுள்ள ‘க்விட்’ வெளியேறச் சொல்வதன்று. இதைக் கட்டினால் மற்ற கடமைகள் தீர்ந்தன என்று பொருள். நம் பக்கத்துப் பழைய கணக்குகளில் ஜோடி, கட்டுபடி என்று வருவதும் இவ்வகைக் குறைந்த தீர்வைதான்.

தொகை எவ்வளவு? சொந்த இனாமுக்குக் குறைந்த அளவு முழுத் தீர்வையில் எட்டில் ஒரு பங்கு. நெருங்கிய வாரிசு இல்லாதவருக்கு அதைவிடக் கூடுதல். கர்ணம் முதலான கிராமப் பணி இனாமுக்கு எட்டில் ஐந்து பங்கு. கணக்குக்காகத் தீர்வை எட்டு ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒருவருக்கு ஒரு ரூபாய், கர்ணத்துக்கு ஐந்து ரூபாய். சொந்த இனாம்காரர் இருபது மடங்கை ஒரே தடவையில் கட்டி, அந்த ஒரு ரூபாயையும் தீர்த்துக்கொள்ளலாம். ஆங்கில நாட்டுக் காப்பிஹோல்டுக்குச் சொன்ன அதே மருந்து, அதே காலத்தில், அதே பெயரில் இங்கேயும் கொடுக்கப்பட்டது.

இப்போது முதல் மொழிபெயர்ப்புப் பிழையைப் பார்ப்போம். சிலர் இந்தச் சொல்லை ‘வரி நீக்கம்’ என்றும், இன்னும் சிலர் அழகாக இருக்கிறதென்று ‘இறையிலி ஆக்கல்’ என்றும் எழுதுகிறார்கள். இது நேர் எதிர். இறையிலி என்றால் வரி போய்விட்டது. இங்கேயோ, அதுவரை ஒரு காசும் கட்டாதிருந்த இனாம்தான் புதிதாகக் கட்டத் தொடங்கியது. போனது வரி அன்று, சர்க்காரின் பிடி. பிடி போனதற்குக் கொடுத்த விலையே அந்த வரி.

சி.பி. பிரௌன் துரையின் தெலுங்கு அகராதி 1852-ல் அச்சாயிற்று. வில்சனின் வருவாய்ச் சொற்கோவை 1855-ல். இரண்டும் கமிஷனுக்கு முந்தியவை. வின்ஸ்லோவின் தமிழ் அகராதி வந்த 1862-ல்தான், இனாம் பத்திரங்கள் பற்றிய 4-ஆம் சட்டமும் வந்தது. அகராதிக்காரர்கள் கவனிப்பதற்கு முன்பே சொல் கச்சேரிக்குள் புகுந்துவிட்டது. அதற்கு ஈடான நாட்டுச்சொல் ஒன்றை அன்று யாரும் நிலைநாட்டவில்லை. பத்திரம் எழுதுகிறவர்கள் ஒலியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பொருளை அவரவர் ஊகித்துக்கொண்டார்கள்.

உறுதி செய்தது வேறு, பிடி விட்டது வேறு

இரண்டாவது பிழை இன்னும் பெரிது. திருப்பதிக்கு நேரே சம்பந்தப்பட்டது.

கோயில், மடம், சத்திரம், தண்ணீர்ப்பந்தல் ஆகியவற்றுக்கான இனாம்களைக் கமிஷன் ‘என்ஃபிராஞ்சைஸ்’ செய்யவில்லை. அவற்றை ‘கன்ஃபர்ம்’ செய்தது, அதாவது உறுதி செய்தது. தருமமோ கைங்கரியமோ நடக்கிற வரையில் இனாமும் இருக்கும் என்பது நிபந்தனை. தீபம் போடுகிறவர், மாலை கட்டுகிறவர், மேளம் வாசிக்கிறவர் இவர்கள் பெயரில் இருந்த கைங்கரிய இனாமும் இவ்வகைதான். அங்கே சர்க்கார் தன் பிடியை விடவில்லை. கைங்கரியம் நின்றால் கேட்பதற்காக வைத்துக்கொண்டது.

சிக்கல் என்னவென்றால், இரண்டு வகைக்கும் ‘டைட்டில் டீட்’ என்ற பெயரிலேயே காகிதம் கொடுத்தார்கள். வரிசை எண்ணும் போட்டார்கள். ‘டி.டி. நம்பர் இத்தனை’ என்று பதிவேட்டில் இருந்தால், ‘டைட்டில் இருக்கு, அப்புறம் என்ன?’ என்று நம் ஆட்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு சக வியாபாரி, திருப்பதிக்கு வெளியே வீட்டு மனை ஒன்றுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு என்னிடம் காகிதம் காட்டினார். யாரோ செய்துகொடுத்த தமிழாக்கத்தில் ‘விடுதலை செய்யப்பட்ட இனாம் நிலம்’ என்று இருந்தது.

“நயினார் அண்ணே, விடுதலை ஆன நிலம்னு தெளிவா போட்டிருக்கே?”

“மூலத்துல என்ன சொல் இருக்குன்னு பாருங்க. கன்ஃபர்ம்டுன்னு இருக்கு. பக்கத்துல கைங்கரியம் நடக்கிற வரைன்னு இருக்கு.”

“ரெண்டும் ஒண்ணுதான்னு சொன்னாங்களே!”

இரண்டும் ஒன்றன்று. ஒன்று பூட்டைத் திறந்து சாவியைக் கொடுத்தது. மற்றொன்று, பூட்டு இருக்கட்டும், நீ உள்ளே இருந்து விளக்கேற்று என்று சொன்னது. மொழிபெயர்த்தவர் இரண்டுக்கும் ‘விடுதலை’ என்று ஒரே சொல்லைப் போட்டுவிட்டார். நண்பர் தம் முன்பணத்தில் பாதியைத்தான் திரும்ப வாங்க முடிந்தது.

1919-ல் அருணாசலம் செட்டி வழக்கில், லண்டன் பிரிவி கவுன்சில் இனாம் பதிவேட்டுக்கு மிகுந்த மதிப்புத் தரவேண்டும் என்று சொன்னது. ஆந்திரப் பகுதிக்கு 1956-ல் இனாம் ஒழிப்புச் சட்டம் வந்தது; இனாம் ரயத்துவாரியாக மாறியது. தமிழ்நாட்டில் 1963-ல் அதே வேலை நடந்தது. இனாமே ஒழிந்துவிட்டதே, பழைய சொல்லுக்கு இப்போது என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. பட்டா தனி மனிதருக்கா, கோயிலுக்கா என்ற கேள்வி வந்தவுடனே 1860-களின் பதிவேட்டைத்தான் பிரிக்கிறார்கள். ஆந்திரத்தில் 2007-ல் பதிவுச் சட்டத்தில் சேர்த்த 22-ஏ பிரிவின்படி, அறநிலையச் சொத்து என்று பட்டியலில் ஏறிய நிலத்தைப் பதிவு செய்யமாட்டார்கள். அந்தப் பட்டியலில் பெயர் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் அந்தப் பழைய வினைச்சொல் இன்றும் காரணமாகிறது.

விடுவித்தார்களா, புதிதாகக் கொடுத்தார்களா?

இனிக் கர்ணம் இனாமுக்கு வருவோம். தலைமுறை தலைமுறையாக ஒரு குடும்பம் கர்ணம் வேலை பார்த்தது. சம்பளத்துக்குப் பதிலாக நிலம். பிறகு நிலத்தை வேலையிலிருந்து பிரித்து, எட்டில் ஐந்து பங்குத் தீர்வை போட்டு ‘என்ஃபிராஞ்சைஸ்’ செய்து, அப்போது கர்ணமாக இருந்த அண்ணன் பெயரில் பட்டா கொடுத்தார்கள். தம்பிக்கு அதில் பங்கு உண்டா?

சென்னை உயர்நீதிமன்றத்தின் குன்னையன் – காமாட்சி ஐயர் வழக்கில் (தீர்ப்புத் திரட்டில் 1903) நீதிபதி பாஷ்யம் ஐயங்கார் சொன்ன கருத்தின் சாரம் இது: இந்த வினைக்கு, நிலத்தை உத்தியோகத்திலிருந்து பிரித்து, சர்க்கார் தன் மீளும் உரிமையை விட்டுவிட்டது என்பதற்கு மேல் பொருள் கிடையாது, குடும்பத்தில் மற்றவர்களுக்கு இருந்த உரிமையை அது பறிக்காது. 1907-ல் பிங்கள லட்சுமிபதி வழக்கில் முழு அமர்வு வேறு விதமாகப் பார்த்தது. வேலையோடு ஒட்டியிருந்த நிலம் வேலைக்காரனுடையதே ஒழியக் குடும்பத்தினுடையது அன்று. ஆகவே யார் பெயரில் கொடுத்தார்களோ அவருக்கே அது தனிச் சொத்து. 1921-ல் வேங்கட ஜகந்நாத – வீரபத்ரய்யா வழக்கில் பிரிவி கவுன்சில் இந்த இரண்டாவது கருத்தையே ஒப்பியது. அண்ணன் வென்றான், தம்பி வெறுங்கையோடு போனான்.

தீர்ப்பைக் குறைசொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் சொல்லாராய்ச்சி செய்கிறவனுக்கு ஒன்று சொல்ல உரிமை உண்டு. ‘விடுவி’ என்ற வினைக்கு, ஏற்கெனவே ஒருவரிடம் இருப்பதைக் கட்டு அவிழ்த்து விடுவதே பொருள். ‘கொடு’ என்ற வினைக்கு, இல்லாதவருக்குப் புதிதாக அளிப்பது பொருள். பாஷ்யம் ஐயங்கார் படித்தது முதல் பொருளை. முழு அமர்வும் லண்டனும் சென்ற வழி இரண்டாவது பொருளில் போய் முடிகிறது. இங்கிலாந்தில் காப்பிஹோல்டை விடுவித்தபோது, நிலத்தை வைத்திருந்தவரின் பழைய உரிமைத்தொடர் அறுந்துபோகவில்லை. பிரபுவின் கட்டுகள் மட்டுமே அவிழ்ந்தன. சொல்லின் பிறந்த வீட்டு வழக்கு பாஷ்யம் ஐயங்கார் பக்கமே இருக்கிறது என்பது என் தாழ்மையான முடிவு. வேலைக்குச் சம்பளமாகக் கொடுத்த நிலத்தைக் குடும்பச் சொத்து என்று சொல்வது கடினம் என்ற மறுவாதத்திலும் நியாயம் இருக்கிறது. அப்படியானால் அந்தப் பத்திரத்தில் வேறு சொல்லைப் போட்டிருக்க வேண்டும். ‘புதிதாகக் கொடுத்தோம்’ என்று எழுதியிருந்தால், இருபது ஆண்டுக் காலம் அண்ணன் தம்பிகள் கோர்ட்டுப் படி ஏறியிருக்க வேண்டியதில்லை.

உழுதவன் எங்கே?

அண்ணன் தம்பி கதை இருக்கட்டும். நிலத்தை உழுதுகொண்டிருந்த குடியானவன் கதி என்ன? இனாம்தாரர் கையில் டைட்டில் டீட் வந்தவுடன், ‘நிலம் என்னுடையது என்று சர்க்காரே எழுதிக்கொடுத்துவிட்டது, நீ வெளியே போ’ என்று சொல்ல இடம் வந்துவிட்டது. அரசுக்கே இந்த அபாயம் தெரிந்திருக்கிறது. கமிஷன் அறிக்கை வந்த அதே 1869-ல் 8-ஆம் சட்டத்தை இயற்றினார்கள். மிகச் சிறிய சட்டம். அதன் கருத்து இரண்டே: டைட்டில் டீட் மற்றவர்களுடைய உரிமையைக் குறைக்காது; 1862, 1866 ஆண்டுகளின் சட்டங்களும் டைட்டில் டீடும் இனாம்தாரருக்கு முன்பு இல்லாத நில உரிமை எதையும் தராது. மேல்வாரம் மட்டும் வைத்திருந்தவர் ‘விடுதலை’க்குப் பிறகும் மேல்வாரக்காரரே. குடிவாரம் யாருடையது என்பதைத் தனியாக நிரூபிக்க வேண்டும். 1918-ல் சூரியநாராயணா – பட்டன்னா வழக்கில் பிரிவி கவுன்சில், இனாம் என்றாலே மேல்வாரம் மட்டும்தான் என்று முன்கூட்டியே ஊகிக்கக்கூடாது என்றும் சொல்லிவிட்டது. ஆக ஒவ்வோர் ஊருக்கும் ஒவ்வொரு வழக்கு.

இதைப் படித்தபோது நம் கல்வெட்டுகள் நினைவுக்கு வந்தன. திருமலை, திருப்பதிக் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழில் இருக்கின்றன என்பது நாம் பெருமைப்படத்தக்க செய்தி. தேவஸ்தானம் 1930-களில் அவற்றைத் தொகுதிகளாக அச்சிட்டது. பெருமை பேசுவதோடு நிற்காமல், கல்வெட்டுத் தமிழ் நிலக்கொடையை எப்படிச் சொல்கிறது என்றும் பார்க்க வேண்டும். பெறுகிறவர் யார் என்பது பெயரிலேயே தெரியும்: சிவன் கோயிலுக்குத் தேவதானம், பெருமாள் கோயிலுக்குத் திருவிடையாட்டம், சமண, பௌத்தப் பள்ளிக்குப் பள்ளிச்சந்தம், அந்தணர்க்குப் பிரமதேயம். வரி உண்டா இல்லையா என்பதற்கு ‘இறையிலி’. வரியை ஊர்ச்சபை ஏற்றுக்கொள்வதற்காக முன்கூட்டியே கட்டிய மொத்தப் பணத்துக்குச் சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘இறைத்திரவியம்’ என்று பெயர். இருபது மடங்கு கட்டித் தீர்த்த கதைக்கு எவ்வளவு நெருங்கிய உறவு பாருங்கள்!

எல்லாவற்றுக்கும் மேலாக, ‘குடி நீங்கா’ என்று ஓர் அடைமொழி உண்டு. பழைய குடிகள் வெளியேற்றப்படாமல் கொடுத்த நிலம் ‘குடிநீங்காத் தேவதானம்’. குடிகளை விலக்கிக் கொடுத்தது ‘குடிநீக்கிய’ தேவதானம். கொடுத்த அன்றே, கல்லிலேயே, உழுதவன் நிலை என்ன என்று வெட்டிவைத்துவிட்டார்கள். குடிகளை நீக்கியதும் நடந்திருக்கிறது. அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் நீக்கினால் நீக்கியதாகவும், நீக்காவிட்டால் நீக்காததாகவும் எழுதினார்கள். ஆங்கில வினை அந்த இடத்தில் மௌனம். அந்த மௌனத்தை நிரப்பத் தனிச்சட்டம் ஒன்று வேண்டியிருந்தது.

தமிழில் எப்படிச் சொல்லலாம்?

‘வாக்குரிமை அளித்தல்’ பொருந்தாது. ‘இறையிலி’ நேர் எதிர்ப் பொருள். ‘விடுதலை’ என்பது யாரிடமிருந்து, யாருக்கு என்று சொல்லாமல் மயக்குகிறது. தவிரவும், பங்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தோடு குழம்பும். ‘பட்டா வழங்கல்’ என்றால் புதிய கொடை ஆகிவிடும்; தம்பியின் வழக்கை மொழிபெயர்ப்பிலேயே தோற்கடித்ததாகும்.

நான் முன்வைப்பது ‘சர்க்கார் பிடி நீக்கிய இனாம்’. வினையாக ‘பிடி நீக்கு’, தொழிற்பெயராக ‘பிடிநீக்கம்’. யாருடைய பிடி என்பது கூடவே நிற்கிறது. வரி பற்றியோ உழுதவன் பற்றியோ இல்லாததைச் சொல்வதில்லை. கோயில் இனாமுக்கு ‘கைங்கரியம் உள்ளவரை உறுதி செய்த இனாம்’ என்று முழுதாகவே எழுதலாம். நீளம் என்றால் நீளம்தான், மனை வாங்குகிறவனுக்கு அந்த நீளம் பாதுகாப்பு. மேலும் விஷயம் தெரிந்த இடங்களில் ‘குடி நீங்கா’ என்ற பழைய அடைமொழியை மறுபடி சேர்த்துக்கொள்ளலாம். இதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் மகிழ்ச்சியோடு ஏற்பேன்.

இந்த வட்டாரத்துத் தமிழர்களுக்கு இது இரட்டைச் சுமை. 1953 வரை சென்னை மாகாணம். ஆகவே மூலக்காகிதம் ஆங்கிலம், பாகப்பத்திரம் பல வீடுகளில் தமிழ், இன்றைய அடங்கல் தெலுங்கு. 1960-ல் திருத்தணி தமிழகம் போன பிறகு, ஒரே குடும்பத்தின் நிலம் இரண்டு மாநிலத்து இனாம் சட்டங்களில் மாட்டிய கதையும் உண்டு. மூன்று மொழியிலும் ஒரு சொல் ஒரே பொருளில் நிற்காவிட்டால், இடையில் நிற்கிறவன் பாடு திண்டாட்டம்.

எனவே அன்பர்களுக்கு ஒரு வியாபாரியின் யோசனை. பழைய இனாம் நிலம் என்றால், தமிழாக்கத்தையோ தரகர் வாய்மொழியையோ நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள். இனாம் பதிவேட்டின் சான்று நகலுக்கு மனுப் போடுங்கள். அதில் இனாம் யாருக்கு, எதற்காக, எந்த நிபந்தனையில் என்ற கலங்களைப் படியுங்கள். முடிவில் எந்த வினை இருக்கிறது, ‘கன்ஃபர்ம்’ஆ, ‘என்ஃபிராஞ்சைஸ்’ஆ, என்று விரல் வைத்துப் பாருங்கள். அதன் பிறகு வக்கீலிடம் போங்கள். நம் சங்கத்தில் ஓய்வு பெற்ற வருவாய்த்துறை அன்பர்கள் சிலர் இருக்கிறார்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் உட்கார்ந்து, இப்படிப்பட்ட பழைய சொற்களுக்குத் தமிழும் தெலுங்கும் சேர்ந்த ஒரு சிறு கையேடு தயாரித்தால், அச்சுச் செலவில் என் பங்கை நான் தருகிறேன்.